வந்தாரா, வருவாரா: ஒற்றை ‘ட்’ படுத்தும் பாடு

கேள்வி: ஆங்கிலக் கதைகளில் ‘ஹீ செட் ஹீ’ட்...’ என்று தொடங்கும் வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் அந்த இடத்தில், அபாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் நிற்கும் ‘டி’ எழுத்தை ‘ஹேட்’ என்று விரித்துப் படிப்பதா, ‘வுட்’ என்று விரித்துப் படிப்பதா?

பதில்: அந்த எழுத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது, அதற்கு அடுத்து வரும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஹீ செட் ஹீ’ட் ஃபினிஷ்ட் த ஒர்க்’ என்பதில் ‘ஃபினிஷ்ட்’ என்று வினையின் மூன்றாம் வடிவம் வந்திருப்பதால், அது ‘ஹேட் ஃபினிஷ்ட்’. வேலையை முடித்துவிட்டதாக அவர் சொன்னார். ‘ஹீ செட் ஹீ’ட் ஃபினிஷ் த ஒர்க்’ என்றால் வினை மாற்றமில்லாமல் நிற்கிறது; ஆகவே அது ‘வுட் ஃபினிஷ்’, முடிப்பதாகச் சொன்னார்.

இது நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு தடுமாற்றம் தருகிறது என்பதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. ‘முடித்துவிட்டேன் என்றார்’, ‘முடிப்பேன் என்றார்’ என்று நாம் எழுதும்போது, பேசியவருடைய வினையை அதன் காலத்தோடும் தன்மை விகுதியோடும் அப்படியே வைத்துவிட்டு ‘என்று’ என்பதைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலமோ, ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் வினையையும் பெரும்பாலும் ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. நேர்கூற்றில் ‘ஐ’வ் ஃபினிஷ்ட்’, ‘ஐ’ல் ஃபினிஷ்’ என்று இரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் வேறு வேறாகவே இருந்தன. அயற்கூற்றாகும்போது ‘ஹேவ்’ என்பது ‘ஹேட்’ ஆகிறது, ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. பிறகு பேச்சு வேகத்தில் இரண்டுமே தேய்ந்து ஒரே ‘ட்’ ஆகிவிடுகின்றன. குழப்பம் பிறக்குமிடம் அதுதான்.

சில வினைகளில் மூன்றாம் வடிவமும் மூல வடிவமும் ஒன்றாக இருப்பதால், மேலே சொன்ன வழியும் கைகொடுக்காது. ‘புட்’, ‘கட்’, ‘கம்’, ‘ரன்’ போன்றவை அந்த வகை. ‘ஷீ செட் ஷீ’ட் புட் த கீ பை த விண்டோ’ என்ற வாக்கியம் தனியாக நின்றால், சாவியை ஜன்னலருகே வைத்துவிட்டாளா, இனிமேல்தான் வைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் ‘த நைட் பிஃபோர்’ என்று வந்தால் வைத்தாயிற்று, ‘த நெக்ஸ்ட் டே’ என்று வந்தால் வைக்கப்போகிறாள். நான் மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில், ஒருவன் கம்பியை ஏற்கெனவே வெட்டிவிட்டதாகச் சொன்ன ஓர் இடத்தை ‘வெட்டுவேன் என்றான்’ என்று எழுதிவிட்டு, இரண்டு பக்கம் கழித்துக் கம்பி அறுந்து தொங்குவதைப் படித்தபோதுதான் விழித்துக்கொண்டேன். அன்றிலிருந்து இத்தகைய வினைகளைக் கண்டால் அந்தப் பத்தி முழுவதையும் படிக்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

கேட்டுப் புரிந்துகொள்வது இன்னும் கடினம். ‘ஹீ’ட் டோல்ட் ஹெர்’ என்பதில் ‘ட்’ ஒலி அடுத்த சொல்லின் முதல் ஒலியோடு கரைந்துவிடுவதால், ‘ஹீ டோல்ட் ஹெர்’ என்பதைப் போலவே காதில் விழும். ஒலி விழவில்லையே என்பதற்காக ‘ஹேட்’ அங்கே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

கேள்வி: ‘ஹீ செட் ஹீ’ட் ஹேட் ஃபீவர்’ என்று ஓரிடத்தில் படித்தேன். இரண்டு ‘ஹேட்’ வருவது அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. முதலாவது, ‘ட்’ என்று தேய்ந்துபோன துணைவினை. இரண்டாவது, காய்ச்சல் இருந்ததைச் சொல்லும் முதன்மை வினை. விரித்தால் ‘ஹேட் ஹேட்’ என்று வரும். அப்படி எழுதுவது கண்ணை உறுத்துவதாலேயே பலர் குறுக்கத்தை விரும்புகிறார்கள். அடுத்த சொல் ‘ஹேட்’ என்றில்லாமல் ‘ஹேவ்’ என்றிருந்தால் அங்கே மறைந்திருப்பது ‘வுட்’.

கேள்வி: ‘வேலை முடிந்ததா என்று கேட்டேன், முடிந்தது என்றார்’ என்பதை ‘ஹீ செட் ஹீ’ட்’ என்று அதோடு நிறுத்தி எழுதலாமா?

பதில்: கூடாது. பின்னால் வினை வராமல் வாக்கியம் துணைவினையிலேயே முடியும்போது அது அழுத்தம் பெறுகிறது, அழுத்தம் பெற்ற சொல் தேயாது. ‘ஹீ செட் ஹீ ஹேட்’ என்றே எழுத வேண்டும். எதிர்மறையாக்கினால் இந்தச் சிக்கல் எதுவுமே இல்லை: ‘ஹேடன்ட்’, ‘வுடன்ட்’ என்று இரண்டும் தனித்தனியே தெளிவாக நிற்கும்.