மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் டைனோசர் எலும்பு கிடைக்க வாய்ப்பு உண்டா?

இல்லை. குடும்பிமலை அடிவாரத்திலோ தாந்தாமலையிலோ எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைக்காது. அதற்காக நம் மண்ணில் பழமை இல்லை என்று யாராவது முடிவுகட்டினால் எனக்குப் பொறுக்காது. நம் பாறை டைனோசரைவிட மிகப் பழையது. எலும்பு கிடைக்காததற்குக் காரணமே அதுதான்.

எலும்பு புதைபடிவச் சுவடாக மிஞ்ச வேண்டுமானால் சேறும் மணலும் அதை மூடி, அடுக்கடுக்காகப் படிந்து கல்லாக வேண்டும். நம் மலைகள் அப்படிப் பிறந்தவை அல்ல. அவை புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று அழைக்கும் உருமாறிய பாறைகள். அவற்றின் மூலப்பாறை குழம்பிலிருந்து உறைந்தது ஏறத்தாழ 1,000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அன்று பூமியில் ஒரு புழுகூடக் கிடையாது. கடலில் நுண்ணுயிர்களும் பாசிகளும்தான். பிறகு, 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது, இந்தக் கல் பல கிலோமீட்டர் ஆழத்தில் அழுந்தி, 600 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில், பிசைந்த மாவாய் மடிந்தது. கண்ணுக்குத் தெரியும் அளவில் முதல் விலங்குகள் கடலில் தோன்றியதும் அந்தக் காலத்தில்தான்!

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் புதிதாக உடைத்த கருங்கல் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஓடும் வரிகள் குவாட்சும் பெல்ஸ்பாரும். இடையில் மினுங்கும் கறுப்பு, மைக்கா. வரிகள் நேராக ஓடாமல் வளைந்து, சில இடங்களில் தம்மீதே மடிந்து கிடக்கும். வீட்டு அத்திவாரத்துக்கு லொறியில் வந்து இறங்கும் கல்லிலும் இது உண்டு. நான் நின்று பார்க்காமல் போவதில்லை.

டைனோசர்கள் இங்கே நடமாடவே இல்லையா? நடமாடியிருக்கும் என்றே நம்புகிறேன். அவை வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் இலங்கை, இந்தியாவோடும் மடகாஸ்கரோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக் கிடந்தது. இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் அவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உகந்தையில் இன்று அலை மோதும் பாறைக்கு அப்பால் அன்று கடல் இல்லை, அந்தாட்டிக்கா இருந்தது. அது விலகத் தொடங்கியது ஏறத்தாழ 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்தான். ஆனால் அவை மிதித்த நிலம் இப்போதைய தரைக்கு மேலே இருந்தது. மழையும் ஆறுகளும் அதை அரித்துக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. நமக்கு மிஞ்சியிருப்பது அந்த நிலத்தின் வேர்ப்பகுதி.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணல் இதற்கு நேர்மாறு, மிக இளையது. பனியுகம் முடிந்து உயர்ந்த கடல், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிய பிறகு ஒதுக்கிய மணல் அது. இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

சுவடுகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் நம் நாட்டில் வேறு இடங்கள் உண்டு. புத்தளம் மாவட்டத்துத் தப்போவயில் டைனோசர்கள் வாழ்ந்த யுரா காலத்துத் தாவரச் சுவடுகள் கிடைத்துள்ளன. இரத்தினபுரி மாணிக்கப் படிவுகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது யாழ்ப்பாணம்: டைனோசர்கள் அழிந்து நெடுங்காலத்துக்குப் பின் வந்த மயோசீன் காலத்தைச் சேர்ந்த அங்குள்ள சுண்ணக்கல்லில் சிப்பிகளின் தடம் பல இடங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.