போதாத நுரையீரலை வெட்டினால் மூச்சு கூடுமா?

கேள்வி: என் தந்தைக்கு முற்றிய எம்பைசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்). நாலடி நடந்தாலே இரைக்கிறது. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம் என்கிறார் மருத்துவர். இருப்பதே போதவில்லை, அதையும் வெட்டுவதா? ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் ஒரு முகவர்.

பதில்: அந்த முகவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அழிந்த காற்றறைகளை மீண்டும் வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இன்றுவரை எதுவும் இல்லை. மூச்சுக்குத் தவிப்பவரிடம் காசு பறிப்பதைவிடக் கொடுமை வேறில்லை. குணமானவர் பேசும் வீடியோவைக் காட்டுவார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஊதல் பரிசோதனை முடிவைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

உங்கள் மருத்துவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. சிதைந்த பகுதி உள்ளே போன காற்றை வெளியே விடாமல் ஊதிப் பெருக்கிறது. பக்கத்தில் உள்ள நல்ல பகுதியை நசுக்குகிறது, உதரவிதானத்தைத் தட்டையாக்குகிறது. அதை அகற்றினால் மற்றது விரிய இடம் கிடைக்கும். 1,218 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், சேதம் நுரையீரலின் மேல்பகுதியான மேல்மடலில் குவிந்து, உடற்பயிற்சித் திறனும் குறைந்திருந்தவர்களுக்கே பெரும்பயன் கிடைத்தது.

ஒரு கட்டத்தில் கத்தியே கூடாது. முதல் விநாடியில் ஊதித்தள்ளும் காற்று, இருக்க வேண்டிய அளவில் 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, கூடவே சேதம் நுரையீரல் முழுதும் சீராகப் பரவியிருந்தால் வேண்டாம். சேதம் அப்படிப் பரவாவிட்டாலும், வாயுப் பரிமாற்றத் திறன் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) இருக்க வேண்டிய அளவில் 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அப்போதும் வேண்டாம். அந்த ஆய்வில் இப்படிப்பட்டவர்களில் அறுவை செய்துகொண்டோரில் 16 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். இந்த எண்களை வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

கத்தியில்லாமல் மூச்சுக்குழாய் வழியே, சிதைந்த மடலுக்குள் காற்று போகாமல் தடுக்கும் வால்வு பொருத்தும் முறையும் உண்டு. மடல்களுக்கிடையே காற்று கசிந்தால் அது பலிக்காது. பொருத்திய முதல் சில நாட்களில் நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிந்து அது சுருங்கிவிடும் ஆபத்து இருப்பதால், அன்றே வீட்டுக்கு அனுப்பும் இடத்தை நம்பாதீர்கள். மாற்று நுரையீரல் கடைசி வழி.

எதற்கும் முன் புகையை அறவே விட்டிருக்க வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் (மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி) முடிக்க வேண்டும். இந்தப் பயிற்சியைச் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் இன்ஹேலரை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து, படுக்கையில் விழுந்தபின் அறுவைக்கு அனுப்புகிறார்கள். எரிச்சலாக வருகிறது. இரண்டாவது கருத்துக்குப் போகும்போது சி.டி. ஸ்கேன் அறிக்கைத் தாள் போதாது. படங்கள் உள்ள தகட்டையே கொண்டுபோங்கள்.