ஊற்றுக்கண் என்றொரு ஊர்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், அமீரகத்தின் அல் அய்ன் நகரில் பதினொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து, இப்போது தண்டையார்பேட்டையில் வசிக்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு அல் அய்னில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. அது நடுப் பாலைவனம் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். தண்ணீருக்கு அங்கே என்ன செய்வார்கள்?
– ஒரு தாய், புது வண்ணாரப்பேட்டை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தண்ணீரால் பிறந்த ஊர் அது. அரபியில் 'அய்ன்' என்றால் கண். ஊற்றுக்கும் அதே சொல்தான். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்? உடன் வேலை செய்த மலையாளச் செவிலியர் ஒருவர் இந்தப் பொருளைச் சொன்ன அன்றே என் பயம் பாதி போய்விட்டது.

மலைப்பக்கத்தில் ஆழமாக ஒரு தாய்க்கிணறு வெட்டுவார்கள். அதில் ஊறும் நீரை, ஊரை நோக்கி மிக மெல்லச் சரியும் சுரங்க வாய்க்காலில் விடுவார்கள். ஆள் இறங்கித் தூர்வாரவும் காற்றுப் போகவும் வழிநெடுகக் குழிகள் இருக்கும். தரைக்கு அடியிலேயே வருவதால் வெயில் அந்த நீரை உறிஞ்ச முடியாது. ஏற்றமும் வேண்டாம், மாடும் வேண்டாம், சரிவு பார்த்துக்கொள்ளும். இதற்கு ஃபலஜ் என்று பெயர். அங்கே அகழ்ந்தெடுத்தவற்றில் பழையவற்றுக்கு வயது ஏறத்தாழ 3000 ஆண்டுகள்.

வெட்டிய திறமையைவிட, பங்கிட்ட விதம்தான் என் மனதைப் பிடித்துக்கொண்டது. ஒரு தோட்டத்தின் பங்கு நேரக் கணக்கு. பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் விண்மீன்களைப் பார்த்தும் மடையை மாற்றுவார்கள். முறையைக் கவனிப்பவருக்கு அரீஃப் என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த அதே வேலை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும். குடம் வைக்க முடியாதவர்கள் வரிசையில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். எந்தச் செங்கல் யாருடையது என்பது ஓர் ஆயாவுக்கு மட்டும் தெரியும். பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் குடம் என்பது அவர் சட்டம். யாரும் மறுத்துப் பேசியதில்லை. அரீஃப் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த ஆயாவின் முகம்தான் எனக்கு வந்தது.

பணி முடிந்த மாலைகளில் பேரீச்சந்தோப்புக்குள் நடப்பேன். நகரின் நடுவில் இருக்கும் அந்த ஒரு தோப்பில் மட்டும் 1,47,000-க்கும் மேற்பட்ட மரங்கள். ஒரு தோட்டக்காரர் வாய்க்கால் வாயில் அடைத்திருந்த பழந்துணியை உருவுவார். தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பும். அதைப் பார்க்கவே நின்றுவிடுவேன். உங்கள் மகனையும் ஒரு மாலை போகச் சொல்லுங்கள்.

கேள்வி: யுனெஸ்கோ பட்டியலில் அந்த ஊர் இடம்பெற்றது ஏன்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: 2011-இல் சேர்த்தார்கள். ஹஃபீத் மலையடிவாரத்தில், தேன்கூடு போலக் கல் அடுக்கிக் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழையவை. அவற்றில் மெசபடோமியப் பானைகள் கிடைத்திருக்கின்றன என்றால், அன்றே எவ்வளவு தூரத்துக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது பாருங்கள். அவ்வூரின் ஹிலி பகுதியில் உள்ள வட்டக் கல்லறையின் வாசல் கல்லில் மனிதர்களும் மான்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் நெருக்கமானது பிதா பின்த் சவூத் என்ற இடம். அங்கே ஃபலஜுக்கு அருகில் தூண்கள் கொண்ட ஒரு மண்கட்டிடம் கிடைத்தது. தண்ணீர்ப் பங்கீட்டை நடத்திய இடமாக இருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: கோட்டை ஏதும் உண்டா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: உண்டு. ஜாஹிலி கோட்டை 1890-களில் எழுந்தது. அடுக்கடுக்காகக் குறுகி உயரும் அதன் வட்டக் கோபுரம் அழகு. ஆனால் நான் கோட்டையைவிட, 1946-இல் அவ்வூர்ப் பொறுப்பை ஏற்ற ஷேக் ஸாயிதைச் சொல்வேன். பிற்காலத்தில் நாட்டின் முதல் அதிபரான அவர், அன்று பழைய ஃபலஜ்களைத் தூர்வாரச் செய்து, சரூஜ் என்ற புதிய ஃபலஜையும் வெட்டச் செய்தார்.

கேள்வி: இன்றும் அந்த வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறதா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தோப்புகளில் ஓடுகிறது. ஆனால் நிலத்தடி நீர் மிகவும் இறங்கிவிட்டதால், பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். எனக்கு வருத்தம்தான். நம் மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்து, கடல்நீர் நிலத்துக்குள் புகுந்துவிட்டதை நீங்கள் அறிவீர்கள். 2010 முதல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கி வடசென்னைக்கு அனுப்புகிறார்கள். அல் அய்னிலும் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரே. கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.