ஒலி விவரிப்பு, சப்டைட்டில்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

படங்களுக்குத் தமிழில் பார்வையற்றவர்களுக்கான ஒலி விவரிப்பும், காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலும் எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில்.

ஒலி விவரிப்பு என்றால் கதைச் சுருக்கமா? (சேலம்)

இல்லை. வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் திரையில் தெரிவதைச் சொல்வது. ஒரு காட்சியில் எனக்குக் கிடைத்தது நாலே விநாடி. "அம்மா சோகமாகப் பரிமாறுகிறாள்" என்று எழுதினேன். பார்வையற்ற நண்பர் கேட்டுவிட்டு, "சோகம்னு எதை வச்சு சொல்றீங்க? அதைச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். "கரண்டி பானைக்குள்ளேயே நிற்கிறது. மகன் தட்டு காலி" என்று மாற்றினேன். பார்வையற்ற ஒருவர் கேட்டுப் பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள்.

தியேட்டரில் பக்கத்து சீட்டுக்குத் தொந்தரவாகாதா? (திருச்சி)

ஆகாது. போனில் உள்ள ஆப் படத்தின் ஒலியை மைக்கில் கேட்டு, எந்த இடம் ஓடுகிறதென்று கண்டுபிடித்து, இயர்போனில் விவரிப்பைத் தரும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மறு காது படத்துக்கு. விவரிப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

சட்டம் இருக்கிறதா? (வேலூர்)

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. 2023 ஜனவரியில் 'பதான்' என்ற இந்திப் படம் பற்றிய வழக்கில், ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரிப்பும் சப்டைட்டிலும் தயாரிக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2024 மார்ச்சில் மத்திய அரசு தியேட்டர்களுக்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது.

எந்த ஆப்? (மூன்று பேர்)

படத்துக்குப் படம் மாறும். தயாரிப்பாளரின் அறிவிப்பைப் பாருங்கள்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தமிழ் நன்றாகப் படிப்பாள். சினிமா சப்டைட்டில் மட்டும் புரியவில்லை என்கிறாள். (ஈரோடு)

குறை அவளிடம் இல்லை அம்மா. அவள் புத்தகத்தில் படித்தது "வந்துகொண்டிருக்கிறேன்". திரையில் வருவதோ ஒரு படத்தில் "வந்துட்ருக்கேன்", இன்னொன்றில் "வந்துக்கிட்டிருக்கேன்", சென்னைக் கதையில் "வந்துகினு கீறேன்". நமக்கு வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும். அந்த ஓசையைக் கேட்டே இராதவளுக்கு இவை மூன்று புதுச் சொற்கள். அதனால் நான் வினைச்சொற்களை எழுத்துத் தமிழில் போடுகிறேன்.

அப்படிச் செய்தால் எங்கள் ஊர்ப் பேச்சு செத்துவிடுமே? "ஏலே, எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்" என்று எவன் பேசுவான்? (திருநெல்வேலி)

நியாயமான கோபம். அந்த வரியை நானும் எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் படம் புரிவது முதலில்.

எனக்கு ஐம்பது வயதில்தான் காது போனது. நடிகர் பேசுவது மனதில் கேட்கிறது. எனக்குப் பேச்சுத் தமிழே வேண்டும். (கோவை)

உங்கள் கடிதத்துக்குப் பிறகு என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு சப்டைட்டில் தர வேண்டும். நேரக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எழுத்துதான் மாறும். ஒரு சிக்கல்: எழுத்துத் தமிழ் நீளம். ஒன்றரை விநாடி வசனத்தில் "வந்துகொண்டிருக்கிறேன்" படிக்க நேரம் போதாது, "வருகிறேன்" என்று சுருக்க வேண்டியிருக்கும். திருநெல்வேலி அன்பருக்கு "ஏலே" இரண்டிலும் உண்டு.

தானியங்கி சப்டைட்டில் போதாதா? (இருவர்)

போதாது. "மருந்து" "மறந்து" ஆகும். யார் பேசுகிறார், கதவு தட்டப்பட்டதா என்பதெல்லாம் பெரும்பாலும் வராது.

எந்த ஆப்? (மதுரை)

மேலே பாருங்கள்.

பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு? (நாமக்கல்)

வெள்ளைச் சேலை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். சொல்லுங்கள்.

எந்தக் காது மெஷின் வாங்கலாம்? (கரூர்)

காது மருத்துவரிடமே கேளுங்கள்.

நானும் விவரிப்பு எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? (தஞ்சாவூர்)

வசனம் குறைந்த இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். எங்கே விளங்கவில்லையோ அங்கே மட்டும் எழுதுங்கள். அப்புறம் பார்வையற்ற ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இதை எனக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம்.