குடும்பப் பெயர் எந்தத் தலைமுறையில் வந்து சேர்ந்தது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளவத்தையில் வசித்து வருகிறது. பூர்வீகம் வட்டுக்கோட்டைப் பகுதி. எங்கள் குடும்பப் பெயர் ஓர் ஆங்கிலப் பெயர். அதை அச்சிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முன்னோர் ஒருவர் வெள்ளைக்காரர் என்று அப்பப்பா சொல்வார். மதம் மாறியபோது பாதிரிமார் வைத்த பெயர் என்று அப்பம்மா சொல்வார். அமெரிக்காவில் இதே பெயருடன் இருப்பவர்களுக்கு எழுதிப் பார்க்கலாமா, மரபணுச் சோதனை செய்யலாமா என்று என் மகன் கேட்கிறான். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அமெரிக்காவுக்கு எழுதுவதைச் சிறிது காலம் தள்ளிவைக்கும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வழங்கும் இரண்டு கதைகளில் அப்பம்மாவின் கதையே உண்மைக்கு அருகில் நிற்பதாகத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத் தமிழரிடையே தந்தையின் பெயரே பிள்ளையின் பெயருக்கு முன் நின்றது. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே வந்தது. மாறாமல் நிற்கும் ஒரு பெயர் ஒரு குடும்பத்துக்கு இருக்குமாயின், அது ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு பதிவேட்டில், யாரோ ஒருவரின் தேவைக்காக எழுதப்பட்டு அதன்பின் நிலைத்துப்போன பெயர். அந்த ஆண்டையும் அந்த மனிதரையும் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முன்னுள்ள வேலை. அதற்கு முந்திய காலத்துக்குள் அந்தப் பெயரைக் கொண்டு நுழைய முடியாது; ஊரையும் காணியையும் கொண்டே நுழைய முடியும்.

வட்டுக்கோட்டை என்று நீங்கள் எழுதியிருப்பது பெரிய உதவி. போஸ்டனைத் தலைமையகமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் எழுந்தன. விடுதியில் சேர்ந்த பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் இருந்த தனியாரும் தேவாலயச் சங்கங்களும் பணம் அனுப்பினர். தாம் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தமக்குப் பிடித்த பெயரை வைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அது தம் பெயராகவோ, இறந்துபோன தம் பிள்ளையின் பெயராகவோ, தாம் மதித்த ஒரு போதகரின் பெயராகவோ இருக்கலாம். ஆகையால் அந்தப் பெயரின் பின்னால் இரத்த உறவு இருப்பதாக எண்ண இடமில்லை. இருந்தது ஒரு நன்கொடை. அதில் வெட்கப்படவோ பெருமைப்படவோ எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு சிறுவனின் பெயரை அவனைக் கண்டிராத ஒருவர் தீர்மானித்தார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

இந்தப் பெயர்கள் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பமே சான்று. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். அவருடைய தந்தை வைரவநாதபிள்ளை, மிஷன் வட்டாரத்தில் சைரஸ் கிங்ஸ்பரி என்று வழங்கப்பட்டார். மகனுக்குக் கிடைத்த பெயரோ சார்ள்ஸ் வின்ஸ்லோ. அந்த மகன் சைவத்துக்குத் திரும்பித் தாமோதரம்பிள்ளையாகவே நிலைபெற்றார். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவப் போதகராகியபோது பாட்டனாரின் பெயரை எடுத்துப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். ‘கிங்ஸ்பரி’ என்ற சொல்லை மட்டும் ஏடுகளில் தேடிச் செல்பவர், நடுவில் நிற்கும் தாமோதரம்பிள்ளையைத் தவறவிட்டு, பாட்டனையும் பேரனையும் தந்தையும் மகனும் என எழுதிவிடக்கூடும். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் நடுவே மறைந்திருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் தந்தையாரின் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒரு தலைமுறையையும் தாண்டிக் குதிக்க வேண்டாம். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்வந்த பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பலர் அந்த நிரலைப் பார்ப்பதே இல்லை. பதிவு எண் தெரியாவிட்டால், உத்தேசமான காலப்பகுதியைக் குறிப்பிட்டு ஏட்டைத் தேடித் தரும்படி பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடுதான் ஒழுங்கு பெற்றது. ஆகவே அதற்கு முந்திய பிறப்புக்கு அரசாங்க ஏட்டை நம்பியிருக்க முடியாது. அங்கே உங்களுக்குத் துணை, மிஷன் தேவாலயத்தின் ஞானஸ்நான, விவாக, அங்கத்துவப் பதிவேடுகள். அமெரிக்க மிஷன் தேவாலயங்கள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு உரியவை. குறித்த தேவாலயத்தின் குருவானவருக்கு, நீங்கள் தேடும் ஆண்டுகளையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதினால் அவரால் அதிகம் செய்ய இயலாது.

மிஷன் போஸ்டனில் வெளியிட்டு வந்த ‘மிஷனரி ஹெரல்ட்’ மாத இதழின் பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவற்றின் நன்கொடைப் பட்டியல்களில், இலங்கையில் எந்தப் பிள்ளைக்கெனப் பணம் வந்தது என்ற குறிப்பும் இடையிடையே காணப்படும். உங்கள் குடும்பப் பெயர் அங்கே அகப்பட்டால், பெயரை வைத்தவர் எந்த ஊரார் என்பதும் தெரியக்கூடும். மிஷனின் கையெழுத்துக் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. உங்கள் மகன் அமெரிக்காவுக்கு எழுதுவதாயின் முதற் கடிதத்தை அங்கே எழுதட்டும்.

ஆனால் நான் எல்லாவற்றிலும் மேலாக நம்புவது காணி உறுதிகளை, அதாவது காணி உரிமைப் பத்திரங்களை. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பின் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையோ, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. அதன்படி முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்து பிரிந்து நின்றதால், காணி எவ்வாறு கிடைத்தது என்பதை உறுதியில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஒரு பழைய சீதன உறுதியை விரித்துப் பாருங்கள். பெண்ணின் பெயர், தாய் தந்தையர், மாப்பிள்ளை, அந்தக் காணி தாய்வழிச் சீதனமா தந்தைவழி முதுசமா என்ற விவரம், முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும், இறுதியில் இத்தனை பரப்பு என்ற அளவும் நான்கு எல்லைகளும் இருக்கும். கிழக்கு எல்லையில் இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பெண்சாதி இன்னாளுக்குரியது என்று வரும் அந்த வரிகளில் அயலவர் என்று எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் சகோதரரும் மச்சான்மாருமே. பரம்பரைக் காணி துண்டுபட்ட முறையே குடும்பம் கிளைத்த முறை. வேறு எந்தப் பதிவேட்டிலும் காணப்படாத பெண்களின் பெயர்கள் இங்கேதான் வரிசையாகக் கிடைக்கின்றன.

ஆகவே வீட்டில் உள்ள முதியவரிடம் “நாங்கள் யாருடைய வழி?” என்று கேட்பதைவிட, “நீங்கள் பிறந்த வளவுக்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். காணிப் பெயர் நினைவில் நிற்கும். அந்தப் பெயரோடு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடலாம். அங்கிருந்து முந்திய உறுதி, அதற்கு முந்தியது எனப் படிப்படியாகப் போகலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரே மனிதர் ஓர் உறுதியில் கந்தன், பத்து ஆண்டுகள் கழித்துக் கந்தர், முதுமையில் கந்தப்பர் என்று எழுதப்பட்டிருப்பார். வசதி பெருகப் பெருகப் பெயரின் ஈறும் மாறும். ஆங்கில ஏடுகளில் சின்னத்தம்பி என்பதை ஓர் எழுதுவினைஞர் ‘எஸ்’ எழுத்திலும் மற்றொருவர் ‘சி’ எழுத்திலும் தொடங்குவார். அகரவரிசைச் சுட்டியில் ஒரே இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிட வேண்டாம்.

இன்னொரு மூலம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கலாம். அந்தியேட்டியிலும் முப்பத்தோராம் நாளிலும் வெளியிடப்படும் நினைவு மலர்களில் ‘கல்வெட்டு’ என்ற செய்யுட் பகுதி உண்டு. இறந்தவரின் ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், சம்பந்தம் செய்த குடும்பங்கள் எல்லாம் அதில் பாடப்பட்டிருக்கும். உங்கள் உறவில் சைவராகவே தொடர்ந்த கிளையினரின் மலர்களைக் கேட்டு வாங்குங்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்திலும் இத்தகைய மலர்களும் பாடசாலை ஆண்டு மலர்களும் பெருந்தொகையாக மின்வடிவில் உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏடுகளும் அழிந்த பின்னர், வீடுகளில் தப்பிக் கிடக்கும் இந்த மெல்லிய மலர்களின் பெறுமதி பன்மடங்காகிவிட்டது. உங்களிடம் ஒன்று இருந்தால் படியெடுத்து அங்கே கொடுத்துவிடுங்கள்.

மரபணுச் சோதனையைப் பற்றி: செய்வதால் கேடில்லை. ஆனால் அந்தப் பெயர் எப்போது வந்தது என்பதை அது சொல்லாது.

கேள்வி: நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாழும் பரதர் குடும்பத்தினர், எங்கள் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. போர்த்துக்கேயர் காலம் வரை எங்கள் வழியைத் தேட முடியுமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் பெயர் அந்தக் காலத்ததுதான், ஆனால் அந்தப் பெயரைக் கைப்பிடித்து அந்தக் காலம் வரை நடப்பது கடினம். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையின் பரதவர் 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தது 1542இல். ஞானத்தந்தையாக நின்றவர்களின் பெயர்களும் போர்த்துக்கேயரிடையே பரவலாக வழங்கிய பெயர்களும் ஒரே நேரத்தில் பல குடும்பங்களுக்குச் சென்றன. இலங்கையின் மேற்குக் கரையில் சிங்களக் குடும்பங்கள் பலவும் அதே பெயரை அதே விதத்தில் பெற்றன. ஆகவே இரண்டு பெர்னாண்டோக்கள் உறவினராக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கொழும்பில் வாழும் பரதர் குடும்பங்கள் பலவும் வணிகத்துக்காகப் பிற்காலத்தில் கடல் கடந்து வந்தவை. உங்கள் குடும்பம் வந்த தலைமுறையை முதலில் உறுதிசெய்யுங்கள். அதற்குக் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் உங்கள் குடும்பம் வழிபட்ட ஆலயத்தின் பதிவேடுகள் உதவும். விவாகப் பதிவில் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலய வட்டாரத்தின்) பெயரைத் தேடுங்கள். ஒரு சொல்லாக இருக்கும் அந்தக் குறிப்பே தூத்துக்குடிக்கோ மணப்பாட்டுக்கோ வீரபாண்டியன்பட்டினத்துக்கோ உங்களை அனுப்பி வைக்கும். 1908க்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்குப்படி, ஒருவரின் விவாகம் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டிலும் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகையால் தூத்துக்குடி ஏட்டின் ஓரத்தில் கொழும்புத் திருமணம் ஒன்று எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

ஒருவேளை உங்கள் முன்னோர் ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கு இருந்திருந்தால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்த நிர்வாகச் சுவடிகள் அங்கே பேணப்படுகின்றன. அவற்றில் உங்களுக்கு வேண்டியவை பாடசாலைத் தோம்புகள், அதாவது பாடசாலைவாரியாகக் குடும்பங்களைப் பதிந்த ஏடுகள். கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டிருந்த அந்நாளில், சட்டத்தின் முன் செல்ல வேண்டுமென்பதற்காகக் கத்தோலிக்கரும் தம் விவாகங்களையும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் சீர்திருத்தச் சபையின் ஏற்பாட்டில் பதிய வேண்டியிருந்தது. தம் மூதாதையர் ஒருபோதும் ஒல்லாந்தரின் சபைக்குப் போகவில்லை என்று உறுதியாகச் சொல்பவர்களும் அந்தத் தோம்புகளைப் பார்க்காமல் விடக் கூடாது. மொழி ஒல்லாந்தம், கையெழுத்தும் பழையது; வாசிக்கப் பழகிய ஆய்வாளர் ஒருவரின் துணை வேண்டும்.

கேள்வி: பாட்டனார் காலத்தில் ஹட்டன் பகுதித் தோட்டத்தில் இருந்த நாங்கள் இப்போது கிராண்ட்பாஸில் வசிக்கிறோம். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தேடுவதற்கு ஏதாவது இருக்கிறதா? – வாசகர், கொழும்பு 14

பதில்: நிச்சயமாக இருக்கிறது, ஒரு விதத்தில் முன்னைய இருவரையும்விட உங்களிடம் எழுத்துச் சான்று கூடுதலாக இருக்கக்கூடும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 தொடக்கத்துக்கு முன் விவாகமானவராயின் 7 ஆண்டுகள், ஆகாதவராயின் 10 ஆண்டுகள் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நிரூபணத்துக்காக எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) குறிப்பு, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் என எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தன. ஒரு தகரப் பெட்டியில் அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா என்று உங்கள் பெரியப்பா, சித்தப்பா வீடுகளில் கேளுங்கள். அதில் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் இருந்தால், பாட்டனாரின் பிள்ளைகளுடைய பிறப்புப் பதிவுகளை அந்தப் பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் தேடலாம்.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. உங்கள் பாட்டனாரின் உடன்பிறந்தோர் யாராவது அப்படித் தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தால், கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டை அவர்களின் வழியினரிடம் இருக்கலாம். குடும்பத்தினரின் பெயரும் உறவுமுறையும் அதில் இருக்கும். பூர்வீகக் கிராமத்தின் பெயரை அந்த வழியினரிடமே கேளுங்கள். குலதெய்வக் கோயில் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டு, கிடைத்த விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.