புளிப்பு என்று சொல்ல என்ன வெட்கம்?

அன்புள்ள அக்கா,

நான் பாரிஸில் ஒரு உணவகத்தில் ஆறு வருசமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது சிப்பி உடைக்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். சிப்பித் தட்டு போகிற மேசைக்கெல்லாம் ஷாப்லி என்ற ஊரின் வெள்ளை வைனும் போகும். எங்கள் சொம்மலியே, வைனைத் தேர்ந்து பரிமாறுகிறவர், ஒவ்வொரு மேசையிலும் ஒரே கதையைச் சொல்லுவார். அந்த ஊர் மண்ணில் பழங்காலச் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன, அந்தச் சிப்பியின் ருசிதான் வைனில் வருகிறது என்று. போத்தலில் மிஞ்சியதில் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்குப் புளிப்பு மட்டும்தான் தெரிந்தது. ஊரின் மண்ணும் வானிலையும் வைனின் ருசியில் தெரியும் என்கிற இந்த 'தெர்வார்' பம்மாத்துத்தானே அக்கா? அல்லது எங்கள் திணை மாதிரி ஒன்றா? குசினியில் நிற்கிற எங்களுக்கு இதெல்லாம் விளங்காதோ? சொம்மலியே படிப்புக்குச் சேரலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

ர., பாரிஸ்

*

அன்புள்ள தம்பி,

'புளிப்பு மட்டும்தான் தெரிந்தது' என்கிறீர்கள். அந்த 'மட்டும்'தான் என்னை உட்காரவைத்து எழுதச் செய்கிறது. சில மாதங்களாகவே எனக்குப் புளிப்பைப் பற்றிய யோசனைதான். யாரும் சொல்லித்தராமல் முதல் வாயிலேயே ஷாப்லியின் முதுகெலும்பைத் தொட்டிருக்கிறீர்கள். தொட்டுவிட்டு, அதை உங்கள் நாக்கின் குறைபோல எழுதுகிறீர்கள்.

திணையை விட்டுவிடுவோம். அங்கே நிலம் மனித உறவுகளின் பேச்சு. ஒரு குவளை வைனுக்காக அதை இழுத்துவந்தால் இரண்டுமே கெடும்.

சிப்பிக் கதை பாதி உண்மை. ஷாப்லியைச் சுற்றிய சரிவுகள் கிம்மரிட்ஜியன் எனப்படும் சுண்ணாம்புக் களிமண். இங்கிலாந்தின் டோர்செட் கரையிலுள்ள கிம்மரிட்ஜ் என்ற ஊரின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஷாப்லி ஓர் ஆழமில்லாத கடலின் அடியில் கிடந்தது. அங்கே ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் நகத்தளவுக் குட்டிச் சிப்பிகள் காற்புள்ளிபோல வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸோஜைரா விர்குலா என்ற அவற்றின் அறிவியல் பெயரிலேயே காற்புள்ளி இருக்கிறது. இதுவரை உங்கள் சொம்மலியே சொல்வது சரி.

ஆனால் அந்தச் சிப்பியின் ருசி வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் வருவதில்லை. வேர் உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த கொஞ்சம் உப்புகளையும்தான். அவை வைனில் நாக்குக்கு எட்டாத அளவில் இருக்கின்றன. கல்லுக்கு மணமும் கிடையாது. முதல் மழையில் எழும் மண்வாசனைகூட நுண்ணுயிர்களும் செடிகளின் எண்ணெய்களும் மண்ணில் விட்டுவைத்தது. அந்த நிலத்தின் வேலை வேறு. களிமண் நீரைப் பிடித்துவைக்கிறது, சுண்ணாம்பு மிஞ்சியதை வடித்துவிடுகிறது. கொடிக்குத் தாகமும் இல்லை, காலடியில் ஈரமும் தங்குவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஸெரன் ஆற்றின் வலது கரையில், ஊரைப் பார்த்தபடி, ஒரே சரிவில் ஏழு தோட்டப் பகுதிகள், சுமார் 100 ஹெக்டேர். கிரான் க்ரூ, அதாவது மிக உயர்ந்த தரம், என்று விலை உயர்த்தி விற்பது அதைத்தான். அதே சிப்பிக் கல் இடது கரையிலும் இருக்கிறது. ஆனால் வலது கரைச் சரிவு தென்மேற்கு வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொள்கிறது. சிப்பி எல்லோருக்கும் பொது, வெயில் அப்படியல்ல.

இப்போது புளிப்புக்கு வருகிறேன். இதை இரண்டு தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திராட்சையில் முக்கியமாக இரண்டு புளிப்புகள். ஒன்று தார்த்தாரிக் அமிலம். உங்கள் அம்மா குழம்புக்குக் கரைத்த பழப்புளியில் இருந்ததும் அதுதான். மற்றது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளின் புளிப்பு. பழம் பழுக்கும்போது வெப்பம் இந்த இரண்டாவதைத் தின்றுவிடும். இரவுகள் குளிர்ந்தால் அது மிஞ்சும். ஷாப்லி பூர்கோஞ் (பர்கண்டி) வைன் பகுதியின் வடகோடி. அதே பகுதியின் தெற்கிலுள்ள போன் (Beaune) நகரத்தைவிட, வடக்கே ஷாம்பெய்ன் செய்கிற ஷம்பாஞ் பகுதியின் தோட்டங்கள் அதற்குப் பக்கம். ஷார்டொனே திராட்சை அங்கே தட்டுத்தடுமாறித்தான் பழுக்கிறது. அதே ஷார்டொனேயைச் சூடான ஊரில் வளர்த்தால் பழக்கூழ்போலக் கொழுத்துவிடும். ஷாப்லியில் அது மெலிந்து, விறைத்து நிற்கிறது. நாக்கில் கத்திபோல இறங்குவது அந்த ஊரின் குளிர்.

இதைப் புளிப்பு என்று சொல்ல அந்தத் தொழிலில் வெட்கம். 'இது புளிக்கும்' என்றால் மேசையில் இருப்பவர் போத்தலைத் திருப்பிவிடுவாரோ என்ற பயம். அதனால் கல் என்கிறார்கள், தீக்கல் என்கிறார்கள், சிப்பி ஓடு என்கிறார்கள். நமக்கு என்ன வெட்கம்? புளி விடாத மீன் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். மீன் ஒரு பக்கம், மிளகாய் ஒரு பக்கம் என்று நிற்கும். இரண்டையும் பேசவைப்பது புளிதான். நீங்கள் சிப்பித் தட்டில் எலுமிச்சைத் துண்டு வைக்கிறீர்களே, ஏன்? அந்தத் துண்டின் வேலையைத்தான் வைனும் செய்கிறது. புளிப்பையே உண்டு வளர்ந்தவர் அந்த நாக்கை நம்பாமல் சொம்மலியேயின் வாயை நம்புகிறீர்கள்.

2016 ஏப்ரல் கடைசியில் நான் ஷாப்லிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரப் பாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பின்னிரவில் கீழே கதவு அடித்துக்கொண்டது. பாட்டியும் மகனும் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். உறைபனியிலிருந்து மொட்டுகளைக் காக்க, கொடிகளுக்கு இடையே வரிசையாக மெழுகுச் சட்டிகள். ஒவ்வொன்றாகக் குனிந்து பற்றவைத்தோம். அடுத்த தோட்டத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நீர் மொட்டின்மேல் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காப்பாற்றும். ஆனால் விடியும்வரை தெளிப்பு நிற்கக் கூடாது. வெளிச்சம் வந்தபோது அந்தப் பக்கம் கொடியெல்லாம் கண்ணாடிக் குழலுக்குள் இருந்தது, உள்ளே பச்சை மொட்டு. எங்கள் பக்கம் மெழுகு போதவில்லை. கீழ்ச்சரிவு முழுவதும் போயிற்று. பாட்டி ஒரு தளிரைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். வெந்த கீரைபோலத் துவண்டு கிடந்தது.

மதியம் அதே சரிவின் பழைய போத்தல் ஒன்றைத் திறந்தாள். என் அரைகுறைப் பிரெஞ்சில், கல்லின் ருசி எங்கே என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு வாய் குடித்தாள். பிறகு காதுக்குக் கீழே, தாடை மூட்டில் விரலை வைத்து, "இங்கே" என்றாள். குடித்தேன். அந்த இடத்தில் எச்சில் ஊறிப் பாய்ந்தது. முந்தைய இரவு என் விரல்களை மரக்கவைத்ததும் இப்போது என் வாயை நனைப்பதும் ஒரே குளிர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வைனைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அது. அதற்குப் பிறகு யார் தெர்வார் என்றாலும் எனக்கு அந்தத் தளிர்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே 'பம்மாத்து' என்று நீங்கள் எழுதியது எனக்குக் கோபம். சொம்மலியே காரணத்தைத் தவறாகச் சொல்கிறார், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸெரா பூச்சி அங்கே வேர்களைத் தின்றது. அதற்கு முன்பே தெற்கிலிருந்து மலிவு வைன் ரயிலேறிப் பாரிஸுக்கு வந்து சந்தையைப் பிடித்துவிட்டது. 1950களில் ஷாப்லியில் மிஞ்சியது 500 ஹெக்டேர் அளவுக்குத்தான். இன்று 5,000 ஹெக்டேருக்கும் மேல். உறைபனிக்குப் பயந்து எல்லோரும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் நின்றவர்களின் உழைப்பைப் பம்மாத்து என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

குசினியில் நிற்கிறவர்களுக்கு விளங்காதோ என்ற வரியைப் படித்ததும் உங்கள் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. நாளெல்லாம் சிப்பியின் உப்புத் தண்ணீரில் கை நனைக்கிற உங்களுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? இனி எனக்கு அப்படி எழுத வேண்டாம்.

படிப்பில் சேருங்கள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் பெர்சி ஸ்டேஷனிலிருந்து ஷாப்லிக்குப் பக்கத்து நகரமான ஓசேருக்கு ரயில் பிடியுங்கள். ஷாப்லிக்கு ரயில் கிடையாது, அங்கிருந்து வேறு வண்டி பார்க்க வேண்டும். ஏப்ரலில் போனால் நல்ல கோட்டு ஒன்று கட்டாயம். சரிவில் நடந்து சிப்பிக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், நக்கிப் பார்க்க வேண்டாம். ஊருக்குள் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத் தாடையைத் தொட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். சிப்பி உடைக்கும்போது இடது கைக்கு இரும்புக் கண்ணிக் கையுறை தருகிறார்களா? தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கத்தி வழுக்கினால் நேராக உள்ளங்கைக்குத்தான் வரும்.

அன்புடன்,
அக்கா