கேள்வி–பதில்: எதில் இரண்டு சதவீதம்?

கேள்வி: 1000 லிட்டர் என்று சொல்லி விற்ற உருளைத் தொட்டி. உள்விட்டம் 100 செ.மீ., உள்ளுயரம் 120 செ.மீ. கணக்குப் போட்டால் 942 லிட்டர்தான். விற்றவரோ "உங்கள் டேப் தப்பு" என்கிறார்.

பதில்: டேப் அவ்வளவு தப்பாக முடியாது. இரண்டு அளவிலும் 1 செ.மீ. பிழை என்றே வைத்துக்கொள்வோம். உயரத்தில் அது 0.83%. விட்டத்தில் 1%தான், ஆனால் கொள்ளளவில் விட்டம் வர்க்கமாக வருவதால் 2% ஆகிவிடும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.2%, சுமார் 20 லிட்டர். இரண்டுமே ஒரே பக்கம் தவறியிருந்தாலும் 27 லிட்டர். உங்களுக்குக் குறைவது 58. மேலே கவிகை (குவிந்த கூரைப் பகுதி) இருந்து அதை அளக்காமல் விட்டிருந்தால் மட்டுமே விற்றவர் தப்பிக்கலாம்.

அடுத்த முறை வெளிச்சுற்றளவை அளங்கள். அதில் 1 செ.மீ. தவறினால் விட்டத்தில் 0.32 செ.மீ.தான் தவறும். சுவர்த் தடிமனின் இரு மடங்கை விட்டத்திலிருந்து கழிக்க மறக்காதீர்கள். 20 லிட்டர் கேனால் நிரப்பியும் பார்க்கலாம், ஆனால் முதலில் கேனை எடைபோடுங்கள்: 25 டிகிரி செல்சியஸில் 20 லிட்டர் நீர் 19.94 கிலோ. கேனே 0.1 லிட்டர் சிறியதென்றால் 47 முறையில் 4.7 லிட்டர் பிசகும். ஊற்றும்போது முன்பின்னாகும் 0.1 லிட்டரோ ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தத்தில் 0.7 லிட்டரோடு நிற்கும்.

கேள்வி: மின்னழுத்தம் 12.00 வோல்ட், மின்னோட்டம் 2.00 ஆம்பியர். கால்குலேட்டர் காட்டும் திறனை நம்பலாமா? இன்னும் நல்ல வோல்ட்மீட்டர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மீட்டரின் விவரத்தாளில் மின்னழுத்தத்துக்கு ±(0.5% + கடைசி இலக்கத்தில் 2), மின்னோட்டத்துக்கு ±(1% + கடைசி இலக்கத்தில் 3). அப்படியானால் 0.06 + 0.02 = 0.08 வோல்ட், 0.02 + 0.03 = 0.05 ஆம்பியர், அதாவது 0.67%, 2.5%. தொட்டிக்குச் செய்ததுபோல வர்க்கப்படுத்திச் சேர்த்தால் 2.6%: 24.0 வாட், ±0.6. பிழையே இல்லாத வோல்ட்மீட்டர் வாங்கினாலும் 2.5%தான். காசை மின்னோட்டம் அளக்கும் பக்கம் போடுங்கள்.

கேள்வி: பையோடு எடைமேடையில் 93.4 கிலோ, தனியே 70.2. பை 23.2 கிலோ. சரியா?

பதில்: ஒவ்வொன்றிலும் ±0.3 என்றால், அதே முறையில் சேர்த்து, வித்தியாசத்தில் ±0.4. பையை மட்டும் நேராக எடைபோடத் தொங்கு தராசு வாங்குங்கள்.

கேள்வி: ±2% துல்லியம் என்று போட்ட அழுத்தமானி வாங்கினேன். 2 பாரில் தாறுமாறாகக் காட்டுகிறது.

பதில்: எதில் 2%? இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள் மேல் எனக்குப் பொறுமை குறைந்துவருகிறது, அதைப் பொடி எழுத்தில் ஒளித்து அச்சிடுகிறவர்கள் மேல் எப்போதோ போய்விட்டது. முழு அளவில் 2% என்பதுதான் இதில் வழக்கம். 10 பார் மானியில் அது 0.2 பார், ஊசி எங்கே நின்றாலும். ஆக 8 பாரில் 2.5%, 2 பாரில் 10%, அரை பாரில் 40%! அட்டையில் மட்டும் கடைசிவரை ±2%. 2 பார்தான் வழக்கமாக அளப்பீர்கள் என்றால் 4 பார் மானி எடுத்திருக்க வேண்டும். அதே 2%க்கு அங்கே பிழை 0.08 பார். 25 பார் மானி ஒன்று என் அலமாரியிலும் தூங்குகிறது, ஆகவே இதற்குமேல் திட்டவில்லை. ஒரு சின்ன ஆறுதல்: துளைத்தகட்டின் (குழாய்க்குள் நீரோட்டத்துக்குக் குறுக்கே வைக்கும் துளையிட்ட தகடு) இருபுற அழுத்த வேறுபாட்டிலிருந்து நீரோட்டம் கணக்கிட்டால், அது வர்க்கமூலமாக வருவதால் 10% பிழை 5% ஆகக் குறையும்.

கேள்வி: லேசர் அளவியால் அறையைப் பத்து முறை அளந்தேன். பத்து முறையும் அதே எண். பிழை பூஜ்யம்தானே? தரை ஓடு மட்டும் பற்றவில்லை.

பதில்: ஒரே தப்பைப் பத்து முறை செய்திருக்கிறீர்கள். கருவியின் பின்விளிம்பைச் சுவரில் வைத்து, எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்ற அமைப்பை முன்விளிம்பில் விட்டிருப்பீர்கள். 11 செ.மீ. நீளக் கருவியில் 4.00 × 3.00 மீட்டர் அறை 3.89 × 2.89 ஆகும், 12 சதுர மீட்டர் 11.24 ஆகும். சராசரி எடுத்தால் இது போகாது, நீளம் அகலம் இரண்டையும் ஒரே பக்கம் இழுக்கும். கையேட்டைத் திறந்து அமைப்பை மாற்றுங்கள்.